நூறு சதவீதம் இருந்தால் கார் மானியம் கிடைக்குமா?

நெய்தல்: ஒருவர் காணொளி போட்டிருக்கிறார். அமெரிக்க முன்னாள் ராணுவ வீரருக்கு ஊனம் நூறு சதவீதம் என்று விஏ, அதாவது அந்நாட்டு முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை, எழுதிவிட்டால், காருக்கும் வீட்டுக்கும் பணம் தானாக வருமாம். விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். வராது. சதவீதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிரபு_மரீன்: நூறு என்றால் முழு ஊனம். முழு ஊனத்துக்கே கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்களாம்?

நெய்தல்: முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனவருக்கு 40 சதவீதம்தான். பணியில் போனதென்றால் அவருக்குக் கார் மானியம் உண்டு. போர் அதிர்ச்சிக்கு மட்டும் 100 வாங்குபவருக்குக் கிடையாது. கை, கால், பார்வை, கடும் தீக்காயம், ஏஎல்எஸ் என்ற தசைகளை முடக்கும் நரம்பு நோய், இவைதான் கணக்கு. சதவீதம் இல்லை.

பிரபு_மரீன்: மனம் உடைந்தவன் ஊனமில்லையா? என் மச்சான் மூடிய அறையை விட்டு வருவதில்லை. அவனுக்கு நூறு. நூறு என்றால் நூறுதான்.

இளங்கோ: எனக்குத் தெரிந்தவருக்குக் காலெல்லாம் இருக்கிறது, முழங்கால்தான் மடங்காமல் இறுகிவிட்டது. அவர் காருக்குப் பணம் வாங்கினாரே!

நெய்தல்: அது காரில் கருவி பொருத்தும் பணம். கார் வாங்கும் பணம் வேறு. இறுகிய முழங்காலுக்கு முதலாவது மட்டும்தான்.

இளங்கோ: காருக்குப் பணம் வந்தது என்றுதான் நானும் சொன்னேன். போன மாதம் ஓய்வூதிய விவாதத்திலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள்.

கயல்விழி: கொஞ்சம் வீட்டையும் பாருங்கள். 2020-இல் வந்த சட்டத்தால், வீட்டை ஊனத்துக்கு ஏற்ப அமைக்கத் தரும் மானியத்தை மூன்று தடவைக்குப் பதில் ஆறு தடவை பிரித்து வாங்கலாம். ஆனால் 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஒரே ஒரு காலை இழந்தவர்களில், வீட்டு மானியங்களில் பெரியது ஒரு நிதியாண்டுக்கு 120 பேருக்குத்தான். 121-ஆவது ஆள் வாசலில் சரிவுப்பாதை இல்லாமல் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். இதற்கல்லவா கோபப்பட வேண்டும்?

நெய்தல்: கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இங்கே பேச்சு சதவீதம். அந்த 120 பேரையும் சதவீதம் பார்த்தா எடுக்கிறார்கள்?

பிரபு_மரீன்: நீங்கள் சீருடை போட்டதுண்டா? இல்லை, காகிதம் மட்டும்தானா?

நெய்தல்: போட்டதில்லை. சட்டத்தில் சதவீதம் எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள்.

பிரபு_மரீன்: போடாதவரிடம் எனக்குப் பேச்சில்லை.

கயல்விழி: 120 பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இளங்கோ: முழங்கால் பற்றியும்தான்.

பிரபு_மரீன்: மச்சானை விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டேன். கார் கூடப் பார்த்தாயிற்று.

நெய்தல்: ஒப்புதல் வரும் முன் காரை வாங்க விடாதீர்கள். வாங்கிவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பிரபு_மரீன்: உங்களை யாரும் கேட்கவில்லை. நூறு என்றால் நூறு.

நெய்தல்: சதவீதம் இல்லை.