பூனை அடிக்கடி லிட்டர் ட்ரேயில் போய் உட்கார்ந்தால் தாமதிக்காதீர்கள்

வேளச்சேரியிலிருந்து:

எங்கள் முத்து ஆண் பூனை, மூன்று வயது, கருத்தடை ஆனவன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லிட்டர் ட்ரேக்கும் (அவன் ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகிற மண் தட்டு) ஹாலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். மண்ணைப் பறிப்பான், குந்துவான், ஒன்றும் வராது. வெளியே வந்து பின்பக்கத்தை நக்கிவிட்டுத் திரும்பவும் உள்ளே போவான். "மலச்சிக்கல்டி, கொஞ்சம் விளக்கெண்ணெய் குடு" என்றார் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. ட்ரேயைக் கிளறிப் பார்த்தேன். வழக்கமாகக் காலையில் சிறுநீர் ஊறிய பெரிய மண் கட்டிகள் இருக்கும். அன்று கோலிக்குண்டு அளவில் ஒன்றே ஒன்றுதான், அதிலும் லேசான ரத்தச் சிவப்பு. உடனே ஆட்டோ பிடித்துவிட்டோம்.

டாக்டர் அடிவயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிட்டார், சிறுநீர்ப் பாதை அடைப்பு என்று. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் நீளம், நுனியில் ரொம்பக் குறுகல். சிறுநீரில் உண்டாகும் படிகங்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முழுக்க அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்தைப் பாதித்து, இரண்டு மூன்று நாளுக்குள் உயிரே போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயான கதீட்டர் போட்டார்கள், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

இப்போது எங்கள் கவனமெல்லாம் அவன் குடிக்கும் தண்ணீர் மேல்தான். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை, தாகமே குறைவு. எலி, குருவி உடம்பில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். உலர் தீனியில் ஈரம் பத்து சதவீதம்தான். அதனால் டாக்டர் எழுதிக்கொடுத்த ஈர உணவுக்கு மாற்றினோம். அவரைக் கேட்டுக்கொண்டு, கோழியை வேகவைத்த தண்ணீரையும் ஆறவைத்துக் கொடுக்கிறோம். உப்பு, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து பால்கனிக் கதவருகே வைத்தோம். அங்கே நின்று நிதானமாகக் குடிக்கிறான்.

கோவையிலிருந்து:

முத்து தேறியது பெரிய நிம்மதி. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. பூனைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, பீரோவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. பாட்டி பாசத்தில் பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துப் பாலில் கரைக்கப் போனார். "பாட்டி, வேண்டாம்!" என்று கத்தித் தடுத்தேன். அந்த மருந்தை முறிக்கிற சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரு சாதாரண மாத்திரையே கொன்றுவிடும். மனுஷ மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இன்னொன்று, பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் "பசிச்சா தானா வரும்" என்று விட்டுவிடக் கூடாது. பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

மதுரையிலிருந்து:

எங்கள் பூனை திடீரென்று மெத்தையில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தது. வீட்டில் எல்லோரும் திமிர் என்றார்கள். பரிசோதனையில் நோய் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால், புதிதாக வாங்கிய வாஷிங்மெஷின் ட்ரேக்குப் பக்கத்திலேயே இருந்தது. துணி பிழியும் நேரத்தில் அது போடுகிற சத்தத்தில் பயந்திருக்கிறது, பாவம். ட்ரேயைப் படிக்கட்டுக்கு அடியில் மாற்றியதும் சரியாகிவிட்டது. மெத்தையில் போனதற்கு அதை அடிக்காமல் விட்டோம். அடித்திருந்தால் எங்களைக் கண்டும் ஒளிந்திருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து:

அக்கா, பெண் பூனைக்கும் இந்த அடைப்பு வருமா? எங்க வீட்டுல ரெண்டு இருக்கு.

வேளச்சேரியிலிருந்து:

முழு அடைப்பு அபூர்வம்தான்மா, அதுங்களுக்குக் குழாய் அகலம். ஆனால் சிறுநீர்ப்பை வீக்கம் வரும். அடிக்கடி குந்துவது, ரத்தம், போகும்போது கத்துவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே காட்டிவிடு. ரெண்டு பூனைக்கு மூன்று ட்ரே வை, தனித்தனி இடத்தில். எது எவ்வளவு போகிறது என்பதும் ஓரளவு பிடிபடும்.