போர் நினைவிடங்களுக்கு, வீரர்கள் நினைவா பைக்ல ரைடு போனவங்க, இன்னும் மனசுல நிக்கிற ஒரு ஆளைப் பத்தி சொல்லுங்க

தெப்பக்குளம் டாமினார்:

நாங்க மதுரைப் பக்கத்துல இருந்து டெல்லி போர் நினைவிடத்துக்கு பைக்ல போனோம். ரூட்டு, செலவு எல்லாம் இங்க வேணாம், நேரா விஷயத்துக்கு வரேன். கெளம்புன அன்னைக்கு சமயநல்லூர் தாண்டி டீ குடிக்க நிக்கிறோம், ஒரு பெரியவர் வண்டியில இருந்த ஸ்டிக்கரைப் படிச்சுட்டு பக்கத்துல வந்தாரு. பழைய மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளு, நிக்கிற தோரணையிலயே தெரிஞ்சுது. "டெல்லிக்கா போறீக? எங்கூட இருந்தவன் ஒருத்தன் 71 சண்டையில போயிட்டான், அவன் பேரு அங்க இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி"ன்னு பேரு, ரேங்க், யூனிட் எழுதி போன் நம்பரும் குடுத்தாரு.

2019 பிப்ரவரியில திறந்த தேசிய போர் நினைவிடம் தெரியும்ல, இந்தியா கேட் பக்கத்துல, வட்டத்துக்குள்ள வட்டமா நாலு சக்கரம். அதுல தியாக் சக்கரத்துல மட்டும் 25,000-க்கு மேல பேரு, கிரானைட் பலகையில தங்க எழுத்து. டச் ஸ்கிரீன்ல தேடுனா அதே பேருல வரிசையா ஆளுங்க வர்றாங்க, யூனிட்டை வச்சுத்தான் இவர்தான்னு முடிவு பண்ணி செவத்துல தேடிப் புடிச்சேன். எழுத்து மேல தூசி இருந்துச்சு, விரலால தொடைச்சுட்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்துல போன் வருது. "பேரைப் பாத்தேன் தம்பி, நல்லா இருங்க. ஊரு எங்க போட்டிருக்கு?" ஊரு போடலீங்கய்யா, பேரு, ரேங்க், யூனிட்தான் இருக்குன்னேன். ஒண்ணும் பேசல. அப்புறம் "அப்ப பாக்குறவனுக்கு இவன் எந்த ஊருக்காரன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டாரு. திரும்பி வர்றப்ப என்.ஹெச். 44 முழுக்க இதே கேள்விதான் ஹெல்மெட்டுக்குள்ள ஓடிச்சு, இன்னும் அவருக்கு ஒரு பதில் சொல்லல.

உசிலம்பட்டி புல்லட்:

டாமினார் ப்ரோ, டெல்லி போனது பெரிய விஷயம், இல்லைங்கல. ஆனா ஊரு பேரு வேணும்னா நம்ம பக்கமே கல்லு இருக்கே. முதல் உலகப் போருக்கு அப்புறம் வெள்ளைக்காரன் ஊருக்கு ஊரு நட்டு வச்ச கல்லு, இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் 1914-1919 யுத்தத்துக்குப் போனாங்க, இத்தனை பேர் உயிரைக் குடுத்தாங்கன்னு. அதுல ஊரு இருக்கும், பேரு இருக்காது. திருச்சி காந்தி மார்க்கெட்ல கூட அந்தச் சண்டைக்கான நினைவுச் சின்னம் இருக்கு, தினம் காய்கறி வாங்கப் போற எத்தனை பேரு அண்ணாந்து பாக்குறாங்க?

தேனி ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஒரு ஊர்ல இப்படி ஒரு கல்லைப் பாக்கப் போனேன், ஊரு பேரு வேணாம். கல்லுல ஆட்டைக் கட்டிப் போட்டிருந்தாய்ங்க. ஒரு அப்பத்தா வந்து ஆட்டை அவுத்துட்டு, நான் குனிஞ்சு படிக்கிறதைப் பாத்துட்டு "எங்க பூட்டனும் இந்தக் கணக்குல உண்டுய்யா"ன்னுச்சு. அவரு பேரு என்ன அப்பத்தான்னேன். "பேரு யாருக்குத் தெரியும், கணக்குல உண்டு"ன்னு அந்த நம்பர் மேல கைய வச்சுக் காட்டுச்சு. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா எந்த எடத்துல நம்பர் இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு.

தூரமா போனாத்தான் ரைடுன்னு நெனைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. 2016 பிப்ரவரி 3 சியாச்சின் பனிச்சரிவுல 19 மெட்ராஸ் பட்டாலியன் ஆளுங்க 10 பேரு மாட்டுனாங்களே, அதுல சொக்கத்தேவன்பட்டி கணேசன் நம்ம மதுரை மாவட்டம், குமார் தேனி குமணன்தொழு. எத்தனை பைக் கிளப் அந்த ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பியிருக்கு? ஒரு டேங்க் பெட்ரோல்ல போயிட்டு வரலாம்.

நைட் ரைடர் மாட்டுத்தாவணி:

என் கதை சின்னது. மதுரை-ஹூப்ளி-மதுரை சேடில்சோர்னு ஒரு நெடுந்தூர பைக் சவால், 24 மணி நேரத்துல 1000 மைல், அதாவது நம்ம கணக்குல 1,600 கிலோமீட்டருக்கு மேல, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஸ்பான்சர் புடிச்சு வர்ற காசை முன்னாள் படைவீரர் நலனுக்கான கொடிநாள் நிதிக்குக் கட்டுறதா பிளான். திரும்பி வர்றப்ப சித்ரதுர்காவுக்கு முன்னாடி ஒரு பங்க்ல நடுராத்திரி, இந்த சவாலுக்கு பெட்ரோல் பில்லுதான் சாட்சி, அதுல நேரம் சரியா இருக்கான்னு பாத்துட்டு நிக்கிறேன். அங்க வாட்ச்மேன் எக்ஸ் சர்வீஸ்மேன், தமிழ் பேசுறாரு, நீலகிரி வெலிங்டன் ராணுவ மையத்துல ட்ரெய்னிங் எடுத்தவராம். என் கண்ணை டார்ச் அடிச்சுப் பாத்தாரு, ஒரு வார்த்தை பேசாம சாவியை உருவி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "எங்களுக்காக ஓட்டுறேன்னு சொல்லிட்டு எங்க லிஸ்ட்லயே வந்து சேராத, படு." சிமெண்ட் திண்ணையில படுத்தேன். எந்திரிக்கிறப்ப அவரு போர்வை என் மேல கெடக்கு, சாவி ஷூவுக்குள்ள இருக்கு, ஆளு ட்யூட்டி முடிஞ்சு போயிட்டாரு. பேரு கூட கேக்கல.

இப்ப புதுசா கெளம்புறவங்களுக்கு சொல்றேன். சேடில்சோரையும் நினைவிட ரைடையும் ஒண்ணாக் கலக்காதீங்க. அமெரிக்காவுல டூர் ஆஃப் ஹானர்னு நடத்துறாங்க, ஒவ்வொரு ரைடருக்கும் நம்பர் போட்ட கொடி ஒண்ணு, நினைவிடத்துக்கு முன்னாடி கொடியோட போட்டோ எடுத்து அனுப்பணும், மாசக்கணக்குல டைம் உண்டு, அவசரம் கெடையாது, வர்ற காசு அறக்கட்டளைகளுக்குப் போகுது. அந்த முறைதான் நமக்கும் சரி. தனியா சேடில்சோர் பண்றதா இருந்தா ஆரம்பிக்கிற பில்லு, திரும்புற எடத்து பில்லு, முடிக்கிற பில்லு எல்லாத்துலயும் நேரமும் ஊரும் தெளிவா இருக்கணும், வெயில்ல பிரிண்ட் அழிஞ்சுடும், அப்பவே போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. முந்தின ரெண்டு ராத்திரியும் முழுசா தூங்கணும். தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காம ஓஆர்எஸ் கலந்த தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கணும். மத்தியானம் பிரியாணி கட்டவே கூடாது, ரெண்டு இட்லி, வாழைப்பழம் போதும். தருமபுரி-சேலம் ரோட்டுல தொப்பூர் எறக்கத்துல கிளட்ச்சைப் புடிச்சுக்கிட்டு வராதீங்க, கியரைக் கொறச்சு இன்ஜின் பிரேக்குல எறங்குங்க, பின்னாடி லாரிக்கு பிரேக் நிக்குமான்னு யாருக்கும் தெரியாது. கன்னியாகுமரி பக்கம் போறவங்க ஆரல்வாய்மொழியில காத்தாலைக் காத்தாடி கண்ணுல பட்டதும் வேகத்தைக் கொறச்சுடுங்க, பக்கவாட்டுக் காத்து அடுத்த லேனுக்குத் தள்ளிடும். கொட்டாவி வந்தா டீ குடிச்சு சமாளிக்காதீங்க, ஓரங்கட்டிப் படுங்க, டீ தூக்கத்தைத் தள்ளித்தான் வைக்கும்.

சோழவந்தான் பொண்ணு:

நான் ரைடர் இல்ல. எங்க அப்பா ஆர்மி, சர்வீஸ்லயே போயிட்டாரு. வருஷா வருஷம் யாராச்சும் பைக்ல வருவாங்க, படத்துக்கு மாலை போடுவாங்க, அம்மாவுக்கு சால்வை போடுவாங்க, போட்டோ எடுப்பாங்க, தெரு முழுக்க சைலன்சர் சத்தமாப் போயிடுவாங்க. அவங்க மேல கோவம் இல்ல, வர்றதே பெருசு.

ஒரு தடவை எல்லாரும் கெளம்புனப்புறம் ஒரு அண்ணன் மட்டும் நின்னாரு. கொட்டகையில சாக்கு போட்டு மூடியிருந்த அப்பாவோட மேக்ஸ் 100 வண்டியைப் பாத்துட்டாரு. அப்பா லீவுல வந்தா ஓட்டுறது, அவருக்கப்புறம் யாரும் தொடல. பாக்கவா தங்கச்சின்னாரு, சரின்னேன். கார்புரேட்டரைக் கழட்டி பெட்ரோல்ல கழுவுனாரு, பிளக்கைத் தேய்ச்சாரு, ரொம்ப நேரம் கிக்கரை ஒதைச்சுக்கிட்டே இருந்தாரு. திடீர்னு ஸ்டார்ட் ஆயிடுச்சு, அந்த டூ ஸ்ட்ரோக் சத்தம், புகை. அம்மா அடுப்படியில இருந்து கையில கரண்டியோட வாசலுக்கு ஓடி வந்தாங்க. வாசலைத்தான் பாத்தாங்க, கொட்டகையப் பாக்கல. வண்டி வந்து நிக்கிற எடத்தைப் பாத்தாங்க.

அந்த அண்ணன் உடனே ஆஃப் பண்ணிட்டாரு. அம்மா உள்ள போயிட்டாங்க, அன்னைக்கு யார்கிட்டயும் பேசல. அவர் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் சொல்லத் தெரியல. ஆனா மறுவாரம் அம்மாவே கேட்டாங்க, அந்தத் தம்பி திரும்ப வருமான்னு.

உசிலம்பட்டி புல்லட்:

தங்கச்சி, சைலன்சர் பத்தி நீங்க சொன்னதை நான் எங்க குரூப்ல போட்டுட்டேன். நினைவிடம் இருக்குற தெருவுல இன்ஜினை ஆஃப் பண்ணி வண்டியைத் தள்ளிட்டு வரணும்னு நான் முன்னாடியே சொன்னப்ப ஓவரா பண்றேன்னாங்க. நைட் ரைடர் ப்ரோ, இட்லி வாழைப்பழமெல்லாம் சரி, அந்த பங்க்கு எதுன்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் போறவங்க யாராச்சும் அவருக்கு ஒரு போர்வை வாங்கிட்டுப் போகட்டும்.

கப்பலூர் ஒர்க்‌ஷாப்:

அக்கா, மேக்ஸ் 100-ன்னா சும்மா நிக்க விடாதீங்க. டேங்க்ல பழைய பெட்ரோல் இருந்தா முழுசா எறக்கிடுங்க, உள்ள துரு புடிச்சா கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் அடைக்கும். டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்காம பெட்ரோல் மட்டும் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, பிஸ்டன் புடிச்சுக்கும். சென்டர் ஸ்டாண்ட்லயே நிக்கட்டும், டயர்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. பார்ட்ஸ் செகண்ட் ஹேண்ட்ல தேடுனா கெடைக்கும், என்கிட்டயும் கொஞ்சம் கெடக்கு, காசு வேணாம். அம்மாகிட்ட முதல்ல கேட்டுட்டு சொல்லுங்க, ஞாயித்துக்கெழமை வரேன்.