உதவி: 1990 வால்வோ 240 வேகன் – சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது

நீலவேகன் (கோதன்பர்க்)

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஸ்வீடன் வந்தவன். போன கோடையில் ஒரு வால்வோ 240 வேகன் (பின்னால் நீண்ட சாமான் இடம் உள்ள கார்) வாங்கினேன். பேப்பரில் 1990 மாடல், பி230எஃப் இன்ஜின், மேனுவல் கியர். துரு அதிகமில்லை, சீட்டெல்லாம் அருமை. டிக்கியில் இரண்டு சைக்கிள்களைப் படுக்க வைத்தாலும் இடம் மிச்சம்.

பிரச்சினை இதுதான். 40ஆம் எண் சாலையில் நன்றாக ஓடும். பங்க்கில் நிறுத்தி பெட்ரோல் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். போன வாரம் போரோஸ் ஊர் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. வண்டியில் மனைவி, குழந்தை வேறு.

பெட்ரோல் ஃபில்டர், ப்ளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் புதிது. பேட்டரி பக்கம் இருக்கும் 25 ஆம்ப் ஃபியூஸையும் மாற்றிவிட்டேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "இந்த வண்டிகளுக்கே உள்ள வியாதி, இன்ஜின் வயரிங் முழுக்க மாற்ற வேண்டும்" என்று வண்டி விலையில் பாதிக்கு எஸ்டிமேட் கொடுக்கிறார்கள். செய்யலாமா?

இன்னொரு சின்னச் சந்தேகம். பின்னால் 240 என்று எழுதியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் 245 என்கிறார்கள். பார்ட்ஸ் வாங்கும்போது எதைச் சொல்வது?

ஓஸ்லோக்காரன்

ஃபியூயல் பம்ப் ரிலே, அதாவது பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். யோசிக்கவே வேண்டாம். பயணி பக்கம் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே சால்டர் விட்டுப்போய், சூட்டில் தொடர்பு அறுந்துவிடும். என் வால்வோ 740இல் இதேதான். புதிது வாங்கிப் போடுங்கள், முடிந்தது.

பழையஇரும்பு (எரெப்ரூ)

தம்பி, வயரிங்கில் இப்போதைக்கு ஒருவரையும் கைவைக்க விடாதீர்கள். அந்த வியாதி உண்மைதான், ஆனால் உங்கள் வண்டியின் வியாதி அல்ல. இன்ஜின் வயர்களின் உறை பொரிந்து உதிர்ந்தது ஏறத்தாழ 1980 முதல் 87 வரை வந்த வண்டிகளில். 240 என்றாலே வயரிங் என்று சொல்கிறவர்கள் ஆண்டைப் பார்ப்பதில்லை.

அதுதான் இந்த வண்டியின் சிக்கல். 1974இல் வந்தது, 1993 மே மாதம் கடைசி வண்டி வெளியே போனது. தெருவில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் ஒரே பெட்டிதான். பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் செலுத்தும் முறை வேறு வேறு: கார்புரேட்டர் போட்டது ஒன்று, கே-ஜெட்ரானிக் போட்டது ஒன்று, எல்எச்-ஜெட்ரானிக் போட்டது இன்னொன்று. எது யாருடைய வருத்தம் என்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது.

முதலில் சேசிஸ் எண்ணைப் பாருங்கோ. ஒய்வி1 என்று தொடங்கும். பத்தாவது இடத்தில் எல் இருந்தால் 1990 மாடல், கே என்றால் 1989, ஜே என்றால் 1988. அந்த எண்ணிலேயே முன்பக்கம் 245 என்று இருக்கும். முதல் இலக்கம் வரிசை, இரண்டாவது சிலிண்டர், மூன்றாவது கதவு, பின்கதவோடு ஐந்து. ஆறு சிலிண்டர் வேகன் 265. 1983 மாடலில் இருந்து பின்னால் வெறும் 240 என்று எழுதத் தொடங்கினார்கள், ஆட்கள் வாயில் மட்டும் பழைய பெயர் நின்றுவிட்டது. கடையில் சேசிஸ் எண்ணையே கொடுங்கோ, பெயரால் வரும் குழப்பம் இல்லை.

உங்கள் வண்டியின் பின்பாதி 1967இல் வந்த 145இன் உடம்புதான். முன்பக்கத்தை மட்டும்தான் 1974இல் புதிதாகச் செய்தார்கள். அதற்கும் முன்னால் வொல்வோவின் வேகன் என்றால் 1953இல் வந்த டூவெட். அக்காலத்து பிவி444 காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, அதனால் அதன் மேல் வேறு உடம்பு கட்ட முடியாது. கூடு கட்டும் பட்டறைகளுக்கென்று சட்டகத்தோடு பிவி445 என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு கொம்பனியே அதன் மேல் வேகன் கட்டியது. கிழமை நாளில் தச்சனின் பலகை, ஞாயிறு குடும்பம், இரண்டுக்கும் ஒரே வண்டி. டூவெட் (இருவர் பாட்டு) என்ற பெயரும் அதனால்தான். பின்னால் பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவு. 1969 வரை விற்றது. நடுவில் 1962இல் வொல்வோவின் அமேசன் வேகன் வந்தது, அதன் பின்கதவு மேலும் கீழுமாகப் பிரியும். ஸாப் என்ற இன்னொரு ஸ்வீடன் கொம்பனி 1959இல் ஸாப் 95 விட்டது, இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், பின்னால் பார்த்தபடி பிள்ளைகள் உட்கார ஒரு சீட், ஏழு பேர். வொல்வோவின் 1800இஎஸ் வேகன் அழகு, ஆனால் சாமான் ஏற்ற ஆகாது.

சரி, வருத்தத்துக்கு வருவோம். 1989 மாடலில் இருந்து இக்னிஷன் மாறிவிட்டது. அதற்கு முந்தியவற்றில் ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னது. உங்களுடையதில் கியர்பாக்ஸ் கூட்டின் மேல், இன்ஜினுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில், ஒரு ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) சென்சார் இருக்கிறது. அதுதான் இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தைப் பார்த்துச் சொல்கிறது. அதன் வயரின் உறை வெப்பத்தில் காய்ந்து விரிசல் விடும். அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் வராது, பம்ப்பும் ஓடாது. ரிலே மட்டும் போயிருந்தால் பம்ப் ஓடாது, ஸ்பார்க் இருக்கும். ஆகவே வண்டி நிற்கும் அந்த நேரத்திலேயே பாருங்கோ, வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி ஆர்பிஎம் முள் துடிக்கிறதா என்று கவனியுங்கோ. முள் செத்துக் கிடந்தால் ரிலேயை மறந்துவிடலாம்.

பானெட்டுக்குள் இடது பக்கம் கறுப்பு மூடி போட்ட ஒரு பெட்டி, சின்ன வயர், ஒரு பட்டன், சிவப்பு விளக்கு இருக்கும். வயரை 6ஆம் துளையில் செருகி, சாவி ஆனில் இருக்க, பட்டனை ஒரு விநாடிக்கு மேல் அழுத்தி விடுங்கோ. விளக்கு மூன்று இலக்கங்களை மினுக்கிக் காட்டும். 1-1-1 என்றால் குறையில்லை. சாவியை ஆஃப் செய்யாமல் பார்க்க வேண்டும்.

ஓஸ்லோக்காரன்

அண்ணா சொல்வது சரி, ஆனால் ரிலே 30 வருடத்துக்கு மேல் பழசு. எப்படியும் ஒன்று உதிரியாக வண்டியில் கிடக்கட்டும்.

பழையஇரும்பு (எரெப்ரூ)

கிடக்கட்டும், யார் வேண்டாம் என்றது. கழற்றியதை வீசாமல் சால்டர் வைத்துப் பாருங்கோ. பார்ட்ஸ் காரும் இப்போது லேசில் அகப்படாது. பின்சக்கரம் இழுக்கிற 240, 740, 940 எல்லாவற்றையும் இங்கே பதினைந்து வயதுப் பிள்ளைகள் 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டுப்படுத்தி ஏ-டிராக்டராக (டிராக்டர் என்று பதிவான மெதுவான கார்) மாற்றி ஓட்டுகிறார்கள். நல்ல வேகன்கள் பல அப்படிப் போய்விட்டன. எனக்கு அதில் வருத்தம்தான்.

நீலவேகன் (கோதன்பர்க்)

பழையஇரும்பு அண்ணா, சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து எல்தான். சனிக்கிழமை யோன்ஷோப்பிங் போய்த் திரும்பும்போது எதிர்பார்த்தபடியே பங்க்கில் மக்கர் பண்ணியது. மனைவி செல்ஃப் அடிக்க நான் எட்டிப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. விளக்கு இரண்டு தடவை மின்னியது, கொஞ்சம் நின்று ஒன்று, அப்புறம் நான்கு. 2-1-4.

பழையஇரும்பு (எரெப்ரூ)

ஆர்பிஎம் சென்சார், சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு போல்ட், 10 மிமீ தலை. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். நீள எக்ஸ்டென்ஷன், முனையில் யுனிவர்சல் ஜாயின்ட் போடுங்கோ. போல்ட் கழன்றாலும் சென்சார் துருவில் பிடித்திருக்கும். முதல் நாள் இரவே எண்ணெய் தெளித்து வைத்து, இழுக்காமல் இடமும் வலமும் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

நீலவேகன் (கோதன்பர்க்)

மாற்றியாகிவிட்டது. பழைய வயரை மடக்கினேன், பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உறை முறுக்கு மாதிரி நொறுங்கி உள்ளே செம்பு தெரிந்தது. நேற்று வெயிலில் போரோஸ் போய் வேண்டுமென்றே பங்க்கில் நிறுத்தினேன். அரைச் சுற்றில் பிடித்துவிட்டது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ரொம்ப நன்றி அண்ணா.

கேட்க மறந்துவிட்டேன்: கிலோமீட்டர் காட்டும் எண்கள் நகரவே இல்லை, ஸ்பீடு முள் மட்டும் சரியாக வேலை செய்கிறது. இதுவும் சென்சாரா?

பழையஇரும்பு (எரெப்ரூ)

இல்லை, மீட்டருக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் உடைந்திருக்கும். தனியாகக் கிடைக்கும். புதிதைப் போட்ட பிறகு வண்டி ஓடும்போது ட்ரிப் பட்டனை அழுத்தாதீர்கள், மறுபடி உடைப்பது அதுதான். வாங்கும்போது காட்டிய கிலோமீட்டரையும் நம்ப வேண்டாம், எத்தனை வருடமாக நின்று கிடக்கிறதோ!