பிட் இல்லாத வெஸ்டர்ன் கடிவாளத்தில் சவாரி பழகுவது: அனுபவப் பகிர்வு

குதிரையின் வாயில் பிட் எனும் இரும்பு வைக்காமல், அமெரிக்க மாடுமேய்ப்பர் பாணியான வெஸ்டர்ன் சவாரி பழக வருபவர்கள் முதலில் கேட்பது, "பிட் இல்லாமல் இதை நிறுத்த முடியுமா?" என்பதுதான். முடியும். ஆனால் கையில் இருப்பது எந்த வகைக் கடிவாளம் என்பது அதற்கு முன் தெரிய வேண்டும். பிட் இல்லாத கடிவாளங்கள் எல்லாவற்றையும் ஹாக்கமோர் என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். வேலை செய்யும் விதமோ ஒவ்வொன்றுக்கும் வேறு.

சைடுபுல் என்பது மூக்குவாரின் இரு பக்கமும் ஒரு வளையம், அந்த வளையத்தில் கையில் பிடிக்கும் வார். இடது வாரை இழுத்தால் மூக்கு இடப்பக்கம் வரும், அவ்வளவே. போசல் என்பது பதனிடாத தோலை இழை இழையாகப் பின்னிய மூக்கு வளையம். தாடைக்கு அடியில் கனமான முடிச்சு தொங்கும். வார் அந்த முடிச்சுக்கு மேலே கட்டப்படும். மெக்கானிக்கல் ஹாக்கமோரில் இரு பக்கமும் உலோகக் கைகள், தாடைக்கு அடியில் சங்கிலி. அது நெம்புகோல். மேல்கை 2 அங்குலமும் கீழ்க்கை 6 அங்குலமும் இருந்தால், வாரில் இழுக்கும் விசை சங்கிலியில் சுமார் மூன்று மடங்காகத் தாடையில் இறங்கும்.

பழகுபவருக்கு சைடுபுல் தான். கை தவறினாலும் தண்டனை சிறியது, குதிரைக்குச் சேதி தெளிவாகப் போகும். "மெக்கானிக்கல் போடுங்கள், பிரேக் நன்றாகப் பிடிக்கும்" என்று புதியவர்களுக்குச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நிலைகுலையும்போது வாரைப் பிடித்துத் தொங்கும் கைக்கு மூன்று மடங்கு விசையைக் கொடுப்பது குதிரைக்குச் செய்யும் கொடுமை.

*

மேலே சொன்னதோடு பொருத்தும் முறையையும் சேர்க்கிறேன். குதிரை அடம்பிடிக்கிறது என்று சொல்லப்படும் பல இடங்களில் மூக்குவார் தவறான இடத்தில்தான் இருக்கிறது.

கண்ணுக்குக் கீழே கன்னத்தில் நீளவாக்கில் ஒரு எலும்பு முகடு ஓடும். அது முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே மூக்குவார் உட்கார வேண்டும். பிறகு மூக்குத் தண்டின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் கெட்டி எலும்பு முடிந்து விரல் அமுங்கும். மூக்குவார் அந்த இடத்துக்கு நன்கு மேலே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எலும்பின் நுனி மெல்லியது. அதற்குக் கீழே அழுத்தினால் மூச்சு தடைபடும். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது என்பதால் அது பதறித் தலையை மேலே வீசும். ஏறியிருப்பவர் இன்னும் இழுப்பார், அது இன்னும் பதறும். ரொம்ப மேலே ஏற்றிக் கட்டினாலும் தொல்லை உண்டு, கன்ன முகட்டில் உராய்ந்து தோல் போய்விடும்.

சைடுபுல்லில் மூக்குவாருக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் ஒரு பக்கம் இழுக்கும்போது மொத்தமும் சுழன்று, எதிர்ப்பக்கக் கன்னவார் கண்ணுக்குள் போகும். தாடையைச் சுற்றி வரும் குறுக்குவார் இருக்கும் சைடுபுல்லை வாங்குவது இதற்காகத்தான். அதைப் பூட்ட மறப்பவர்கள் நிறையப் பேர்.

*

போசல் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இதன் மொத்த உயிரும் தாடைக்கு அடியில் தொங்கும் முடிச்சில் இருக்கிறது. வாரைத் தூக்கினால் முடிச்சு தாடையைத் தொடும். தளர்த்தினால் தன் கனத்திலேயே விலகி விழும். அந்த விலகல்தான் "சரியாகச் செய்தாய்" என்று குதிரைக்குப் போகும் சேதி. முடிச்சு எப்போதும் தாடையோடு ஒட்டியே கிடந்தால் குதிரைக்கு எதுவும் விளங்காது, சீக்கிரமே அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

தடிமன்: தொடக்கத்தில் 5/8 அல்லது 3/4 அங்குலம், குதிரை தேறியபின் 1/2 அங்குலம். உள்கருவும் தோலாக இருப்பதையே வாங்குங்கள். எஃகுக் கம்பி வைத்ததை மூக்கின் வடிவத்துக்கு வளைத்துப் பழக்க முடியாது, ஏதாவது ஓரிடத்தில் அது அழுத்திக்கொண்டே இருக்கும். புதுப் போசல் குறுகலாக வரும். குதிரையின் மூக்கு அகலத்துக்கு ஒரு மரக்கட்டையை உள்ளே செருகி, கட்டைக்குக் கீழே கன்னப் பகுதிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிச் சில நாள் வைத்தால் வடிவம் பிடிக்கும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நேராகக் குதிரைக்கு மாட்டுவதால்தான் தாடை எலும்பின் இரு ஓரமும் புண்ணாகிறது.

இதற்கு வார் மெகாட்டே எனும் கயிறு, சுமார் 22 அடி. நல்லது குதிரை மயிரில் திரித்தது. அதன் சொரசொரப்பு கழுத்தில் படும்போதே குதிரை திரும்பப் பழகிவிடும். கட்டும் முறை: குஞ்சம் உள்ள முனையைக் கன முடிச்சை ஒட்டி இறுக்குங்கள். மேல்நோக்கி ஒன்றிரண்டு சுற்று. அங்கே வாருக்கான வளையத்தை இழுத்து விடுங்கள். அதன்மேல் மறுபடி ஒன்றிரண்டு சுற்றிப் பூட்டுங்கள். மிச்சக் கயிறு இடப்பக்கம் வரட்டும், அது கையில் பிடித்து நடத்துவதற்கு. சவாரியின்போது அதைச் சுருட்டிச் சேணத்தில் கட்டிக்கொள்ளலாம். சுற்று கூடினால் போசல் இறுகும், குறைந்தால் தளரும். டிராட்டில் (துள்ளுநடையில்) போசல் மேலும் கீழும் குதித்தால் ஒரு சுற்று போதவில்லை என்று பொருள்.

*

பயிற்சி வரிசைக்கு வருவோம். ஏறுவதற்கு முன் தரையில் நின்று மூன்று வேலை.

முதலாவது, பக்கவாட்டு வளைவு. தோளருகே நின்று இடது வாரை லேசாகப் பிடித்து, கையைச் சேணத்தோடு சேர்த்து அசையாமல் வையுங்கள். கை இழுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். குதிரை ஓர் அங்குலம் மூக்கைத் தந்து வார் தளர்ந்த அதே நொடியில் விட்டுவிடுங்கள். அரை நொடி தாமதித்தாலும் அது மறுபடி இழுத்துப் பார்ப்பதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். வளையும்போது காதுகளைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் கழுத்து வளைகிறது. ஒரு காது தாழ்ந்து மூக்கு சாய்ந்தால் குதிரை தலையை மட்டும் முறுக்கித் தப்பிக்கிறது, அப்போது வாரை விடக் கூடாது. பக்கத்துக்கு ஐந்தாறு முறை போதும்.

இரண்டாவது, பின்பகுதியை நகர்த்துவது. வாரை இடுப்பை நோக்கிக் கொண்டுவந்து, சவாரியில் கால் படும் இடத்தைக் கையால் தொட்டால், உள்பக்கப் பின்னங்கால் மற்றதன் முன்னால் குறுக்கே வைத்துப் போக வேண்டும். மூன்றாவது, பின்னடை, அதாவது குதிரையைப் பின்னோக்கி நடக்கவைப்பது: இடம், வலம் என்று மாற்றி மாற்றி மென்மையாக வாரைத் தொட்டு, ஒரு அடி வைத்ததும் விடுவது.

ஏறியபின், சுமார் 60 அடி விட்டமுள்ள வட்ட அடைப்புக்குள் நடையில் தொடங்குங்கள். திரும்பும் பக்கம் பாருங்கள், உள்கையை, அதாவது திரும்பும் பக்கத்துக் கையை, ஒரு சாண் வெளியே விலக்கி வாரைத் திறங்கள், வெளிக்கையைத் தளர்த்துங்கள். எப்போது திறப்பது என்பதில்தான் நுட்பம். சேணத்திலிருந்து குதிரையின் உள்தோளைப் பாருங்கள். தோள் பின்னால் போய் முடியும் நொடியில் அந்த முன்னங்கால் தரையை விட்டு எழும். அப்போது வாரைத் திறந்தால் கால் திருப்பத்துக்குள் வந்து விழும். கால் தரையில் ஊன்றியிருக்கும்போது கேட்டால் கழுத்து மட்டும் வளையும், உடல் நேரே போகும்.

நிறுத்தம்: மூச்சை விட்டு, இருக்கையில் கனமாக உட்கார்ந்து, இடுப்பு குதிரையோடு அசைவதை நிறுத்துங்கள். ஒரு கணம் பொறுங்கள். நிற்காவிட்டால் ஒரு வார், விடு; அடுத்த வார், விடு. இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடித்தால் குதிரை மூக்கை அதில் சாய்த்துக்கொண்டு ஓடும். அந்தக் கழுத்தின் பலத்தோடு எந்த மனிதக் கையும் போட்டியிட முடியாது.

*

அவசர நிறுத்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு வாரை மட்டும் இழுத்துக் குதிரையை வளைத்து நிறுத்தும் முறையை நின்ற நிலையில், நடையில், மெதுவான டிராட்டில் என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் சட்டென்று இழுத்தால் கால்கள் பின்னிக் குதிரையே விழும். அந்த வேகத்தில் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். இழுக்காத வாரை முழுக்கத் தளர்த்த மறக்காதீர்கள். மறந்தால் இரண்டு வாரும் ஒன்றை ஒன்று எதிர்த்து, குதிரை வளையவே முடியாமல் போகும்.

இன்னொன்று: டிராட்டில் குலுங்கும்போது கை தானாக வாரைத் தேடுகிறவர்கள் ஒரு கையால் சேணக் கொம்பைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் எதுவும் வேண்டாம். அதைவிட நல்லது, இன்னொருவர் நீள்கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, வாரே இல்லாமல் இருக்கையைப் பழகுவது.

*

மெக்கானிக்கல் ஹாக்கமோரை முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். கழுத்தில் வார் படுவதற்கே திரும்பும் தேர்ந்த குதிரைக்கும், ஒற்றைக் கையில் தளர்வாக ஓட்டத் தெரிந்தவருக்கும் அது பயன்படும். சங்கிலி முறுக்கின்றித் தட்டையாகப் படிய வேண்டும், இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அதில் இரு கையால் பக்கவாட்டில் இழுத்துத் திருப்ப முயன்றால் உலோகக் கை சாய்ந்து, மூக்குவார் முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் போகச் சொல்கிறீர்கள் என்றே குதிரைக்குப் புரியாது.

போட்டிக்குப் போக எண்ணுபவர்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் வெஸ்டர்ன் பிரிவுகளில் போசலோடு இரு கையால் ஓட்டுவதற்குக் குதிரையின் வயதைப் பொறுத்த விதி உண்டு. போசல் கன்னப் பகுதியில் 3/4 அங்குலத்துக்கு மேல் தடிக்கக் கூடாது. இளங்குதிரைக்குப் போசல் என்ற கலிபோர்னிய வக்கேரோ (குதிரையேறி மாடு மேய்ப்பவர்) வழக்கத்துக்கு உடலியல் காரணமும் உண்டு. ஏறக்குறைய இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும், ஈறு நோகும். அப்போது வாயை விட்டுவிட்டு மூக்கில் பழக்குவது நியாயம். அதற்கடுத்து பென்சில் தடிமனில் மெல்லிய போசலும் பிட்டும் சேர்த்துப் போடும் இரட்டைவார் கட்டம் வரும்.

*

சவாரி முடிந்து கழற்றியதும் மூக்குத் தண்டையும் தாடையின் இரு ஓரங்களையும் விரலால் தடவுங்கள். சூடு, வீக்கம், மயிர் உதிர்ந்த இடம், விரல் பட்டதும் தலையை விலக்குவது, எதுவானாலும் ஆறும்வரை அங்கே எதுவும் கட்டாதீர்கள். புண் ஆழமானால் அந்த இடத்தில் நிரந்தரமாக வெள்ளை மயிர் முளைத்துவிடும். சைடுபுல்லின் கயிற்று மூக்குவாருக்கு ஆட்டுத்தோல் உறை போடலாம். போசலில் தாடை படும் இரு பக்கமும் மெல்லிய தோல் சுற்றலாம். சுற்றியபின் தடிமன் கூடும் என்பதால் மெகாட்டேயில் ஒரு சுற்றைக் குறைத்து, முடிச்சு முன்போல விலகி விழுகிறதா என்று மறுபடி பாருங்கள்.