காரே வராத சைக்கிள் பாதை: வால் தெ சஃபானை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

மல்லிகைச்சரம்:
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவுல பார்சிலோனா போறோம். அதுல மூணு நாளை சைக்கிளுக்குன்னு ஒதுக்கியிருக்கோம். நான், கணவர், ஆறாவது படிக்கிற மகள். அவ நல்லா ஓட்டுவா. ஆனா ஒரு தடவை லாரி ஒண்ணு ஒட்டி உரசுற மாதிரி போனதுலேருந்து ரோட்டுல ஏறவே மாட்டேங்கிறா. வண்டியே வராத பாதையா தேடினப்போதான் பார்சிலோனா இருக்கிற கேட்டலோனியா மாநிலத்தோட தெற்குல, பழைய ரயில் தடத்தை சைக்கிள் பாதையா மாத்தின வால் தெ சஃபான் பத்தி தெரிஞ்சுது. மலை இடுக்கு, ஆறு, டனல்னு படங்களைப் பார்த்ததும் மனசு அங்கேயே போயிடுச்சு.

கீழ்க்கோடியில இருக்கிற தொர்த்தோசா ஊரிலிருந்து மேல போகணுமா, மேலேருந்து கீழ வரணுமா? கணவருக்கு முழங்கால் வலி உண்டு. நாங்க சைவம், வழியில சாப்பிட ஏதாவது கிடைக்குமா? டனல்ல ரொம்ப இருட்டா இருக்குமா? போய் வந்தவங்க சொன்னா புண்ணியமா போகும்.

சக்கரவாகம்:
வாங்க சகோதரி. மேலேருந்து கீழ வாங்க, இதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம்.

ஆர்னெஸ் பக்கம், அல்கார்ஸ் ஆத்தங்கரையில ஆரம்பிங்க. அங்க அந்த ஆறுதான் பக்கத்து மாநிலமான அரகோனுக்கும் கேட்டலோனியாவுக்கும் எல்லை. அங்கேருந்து தெர்ரா ஆல்த்தா பகுதி சுமார் 24 கி.மீ., அதுக்கப்புறம் எப்ரோ ஆத்தை ஒட்டி தொர்த்தோசா வரைக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். வழியில வர்ற போட் ஊர் சுமார் 290 மீட்டர் உயரத்துல இருக்கு. தொர்த்தோசா ஆத்து மட்டத்துலதான். நீராவி ரயில் ஏறுறதுக்காகப் போட்ட தடங்கிறதால சரிவு எங்கேயும் சட்டுனு இருக்காது, முழங்காலுக்கு வேலையே கம்மி. மலை குறுக்கே வந்த இடத்துல எல்லாம் குடைஞ்சுட்டாங்க, பள்ளம் வந்த இடத்துல பாலம் கட்டிட்டாங்க. தெர்ரா ஆல்த்தாவுல மட்டுமே இருபது டனலாவது வரும். ரோடே போகாத இடுக்குக்குள்ள நம்ம குழந்தையோட நிம்மதியா போக முடியுதுன்னா அந்த டனல்களாலதான்.

ஒண்ணை மட்டும் அழுத்தமா சொல்றேன். மொத்தம் 50 கி.மீ.தான், அதுவும் இறக்கம், ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு நிறைய பேர் சொல்வாங்க. கேட்காதீங்க. இந்தப் பாதையோட உயிரே போட் தாண்டி பிராட் தெ கோம்தெ, பெனிஃபல்லெட் வரைக்கும் இருக்கிற கனலெட்டெஸ் ஆத்து இடுக்குதான். இறக்கத்துல வண்டி தானா ஓடும். ஒரு டனல்லேருந்து வெளிய வந்து கண்ணு கூசுறதுக்குள்ள அடுத்த டனல் விழுங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல சில இடத்துல நாப்பது அடி வெளிச்சம்தான். அந்த நாப்பது அடியிலதான் எல்லாம் இருக்கு: மரக் கைப்பிடி, கீழ பாறைக்கு நடுவுல பச்சையா தேங்கின தண்ணி, வெட்டின பாறைச் சுவர்ல ரோஸ்மேரிச் செடி. கழுகு தலைக்கு மேல சுத்தும்போது அதோட நிழல் எதிர்ச் சுவர்ல ஓடும். பிரேக்கைப் பிடிச்சு காலை ஊனி நின்னாதான் கண்ணுல படும். அதனால முதல் நாள் ராத்திரி ஓர்த்தா தெ சான் ஜுவான்லயோ போட்லயோ தங்குங்க. மறுநாள் காலையில வெயில் இடுக்குக்குள்ள இறங்குற நேரத்துக்குக் கிளம்புங்க.

ஓர்த்தா பிக்காசோ இளம் வயசுல தங்கின ஊர். 1909ல திரும்பவும் வந்து வரைஞ்சிருக்கார். ஸ்டேஷன்லேருந்து ஊர் தள்ளி மேட்டுல இருக்கு, அந்த ஏத்தம் மட்டும் கணவருக்குக் கொஞ்சம் கஷ்டம். அங்க மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிடுங்க. தெற்கே பார்த்தா ரோக்கெஸ் தெ பெனெட்னு மொட்டைப் பாறைக் கூட்டம் நிமிர்ந்து நிக்கும்.

இடுக்குக்குள்ளேயே ஃபான்கால்தான்னு ஒரு மாதா கோயில் இருக்கு. பாதையை விட்டுக் கீழ இறங்கணும். வெதுவெதுப்பான ஊத்துத் தண்ணி பாறையிலேருந்து வருது, பக்கத்துலயே ஆத்து மடுவு. குளிக்கிற துணியைப் பைக்கு அடியில போட்டுடாதீங்க, மேலாக வைங்க.

ரயில்தோழன்:
சக்கரவாகம் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழியறேன். ரயில் விஷயம் மட்டும் நான் சேர்க்கறேன்.

பார்சிலோனாவிலிருந்து தொர்த்தோசாவுக்கு ஆர்16 ரயில் நேரா போகுது, சுமார் ரெண்டரை மணி நேரம் ஆகும். சைக்கிள் ஏத்தலாம், ஆனா இடம் கொஞ்சம்தான். குடும்பமா போறவங்க தொர்த்தோசாவுலயே வாடகைக்கு எடுக்கிறது நல்லது. வாடகைக் கடைக்காரங்களே வேன்ல சைக்கிளோட ஏத்திக்கிட்டுப் போய் ஆர்னெஸ், போட் பக்கம் இறக்கி விடறாங்க. மகளோட உயரத்தை முன்கூட்டியே எழுதிப் போடுங்க, சின்ன ஃபிரேம் எப்பவும் இருக்கும்னு சொல்ல முடியாது.

இந்தத் தடத்தோட கதையையும் சொல்லணும். சான் கார்லெஸ் தெ லா ராப்பிதாங்கிற துறைமுகம் வரைக்கும் போகணும்னுதான் திட்டம். கடலை எட்டவே இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல, 1938 ஜூலையிலேருந்து நவம்பர் வரைக்கும் நடந்த எப்ரோ சண்டை இந்த மலைகள்லதான். போர்க் கைதிகளை வேலை வாங்கித்தான் தடத்தோட ஒரு பகுதியைப் போட்டாங்க. தொர்த்தோசா வரைக்கும் ரயில் வந்தது 1940களில். 1973ல மூடிட்டாங்க. முப்பது வருஷம் சொச்சம்தான் ஓடியிருக்கும், அதுக்கு எத்தனை பேர் உழைப்பு! பாழடைஞ்ச ஸ்டேஷன் எதையாவது பார்த்தா ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க.

எலுமிச்சை:
சாப்பாட்டுக் கேள்விக்கு நான். நானும் சைவம்தான்.

பட்டினி கிடக்க வேண்டாம், ஆனா நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு ஒண்ணரையிலேருந்து மூணரை வரைக்கும். அந்த நேரத்துல ஊர்க் கடைகளும் மூடிடுவாங்க, சாயங்காலம்தான் திறப்பாங்க. காலையிலயே ரொட்டி, தக்காளி, பாதாம், பழம் வாங்கிப் பையில போட்டுக்கோங்க. ஓட்டல்ல எஸ்கலிவாதா கேளுங்க, சுட்ட கத்திரிக்காயும் குடமிளகாயும் ஆலிவ் எண்ணெயில ஊறி வரும். இந்தப் பக்கத்து எண்ணெய் அவ்வளவு வாசம். முட்டை சாப்பிடுவீங்கன்னா தோர்த்தீயாங்கிற முட்டை அடை எங்கேயும் உண்டு. சாலட் கேட்டா மட்டும் டூனா மீனைத் தூவிடுவாங்க. “சென்செ துன்யினா”ன்னு (கேட்டலான் மொழியில ‘டூனா இல்லாம’) முதல்லயே சொல்லிடுங்க. மலைப் பகுதியில தண்ணி நிரப்புற இடம் நடுநடுவே கிடைக்காது, ஆளுக்கு ரெண்டு பாட்டில் வேணும்.

இன்னொண்ணு, அக்டோபர் அங்க இதமான மாசம், ஆனா மத்தியதரைக் கடல் ஓரத்துல திடீர்னு பேய் மழை கொட்டுறதும் அப்போதான். பெரிய மழைக்கு அப்புறம் வெட்டுப் பாறை சரிஞ்சு விழும், பாதையில ஒரு துண்டை மூடி வைப்பாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் தொர்த்தோசா சுற்றுலா அலுவலகத்துல கேட்டுட்டுப் போங்க.

மல்லிகைச்சரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிக்கும்போதே அங்க போயிட்ட மாதிரி இருக்கு. டனல் விஷயம் மட்டும் இன்னும் உறுத்துது. மகளுக்கு இருட்டுன்னாலும் பயம். காருக்கு பயந்து இருட்டுல கொண்டு விட்டுட்டேனேன்னு ஆயிடக் கூடாது.

சக்கரவாகம்:
நியாயமான கவலைதான்மா. சில டனல்ல விளக்கு உண்டு, சிலதுல இல்லை. எல்லாத்துலயும் எரியும்னு நம்பிப் போக வேண்டாம். ஆளுக்கு ஒரு நல்ல முன் விளக்கு, பின்னால சிவப்பு விளக்கு கட்டாயம் வேணும். போன் டார்ச் பத்தாது. நேரான டனல்ல அந்தக் கோடி வெளிச்சம் காசு மாதிரி தெரியும், குழந்தைங்க அதைப் பார்த்துக்கிட்டே போயிடுவாங்க. வளைவான டனல்தான் சங்கடம், நடுவுல ரெண்டு பக்கமும் வெளிச்சம் மறைஞ்சுடும்.

கணவர் முன்னால, மகள் நடுவுல, நீங்க பின்னால. உங்க விளக்கு அவ முன்னாடி இருக்கிற தரையில விழுற மாதிரி சாய்ச்சு வைங்க. இருட்டுல பிள்ளைங்க பயப்படறதே சக்கரத்துக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாததாலதான். கறுப்புக் கண்ணாடியை வாசல்லயே கழட்டச் சொல்லுங்க. எதிர்ல நடந்து வர்றவங்களும் இருப்பாங்க, அதனால மெதுவா, மணி அடிச்சுக்கிட்டு. உள்ள சில்லுனு இருக்கும், மேல ஒரு மெல்லிய சட்டை போட்டுடுங்க. முதல்ல வர்ற சின்ன டனலை ரெண்டு தடவை போய்ட்டு வந்து பழக்குங்க, அவசரம் என்ன இருக்கு?

அப்புறம், ஸ்பெயின்ல ஊருக்கு வெளிய சைக்கிள் ஓட்டுற எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பெரியவங்களுக்கும்தான்.

பாதை நடுநடுவே தோட்டத்துச் சாலைகளைக் குறுக்கே கடக்கும், அங்க டிராக்டர் வரும், மெதுவா வருவாங்க. பெனிஃபல்லெட் தாண்டினா இடுக்கு விரிஞ்சு எப்ரோ பக்கத்துலயே வரும். வடமேற்குக் காத்து அடிச்சா முதுகைத் தள்ளும். கீழேருந்து மேல போறவங்களுக்கு அதே காத்து முகத்துல, இறங்கி வாங்கன்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். செர்த்தாவுல கோயில் சுவர்ல எப்ரோ வெள்ளம் எந்த வருஷம் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு பீங்கான் ஓட்டுல குறிச்சு வச்சிருக்காங்க. 1787 குறியை மகள்கிட்ட தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க, அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியில ரோக்கெட்டெஸ் தாண்டி, பழைய இரும்பு ரயில் பாலத்து மேலயே எப்ரோவைக் கடந்து தொர்த்தோசா வந்துடலாம். அந்தப் பாலமும் இப்போ நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்தான். பாலம் இறங்கினதும் ஊருக்குள்ள ஸ்டேஷன் போற அந்தக் கொஞ்ச தூரத்துல கார் வரும், அதை மகளுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. இறங்கித் தள்ளிக்கிட்டு நடந்துடலாம்.