புதுப்பிப்பு: சோலாரிஸ் 10 பேட்ச், லைவ் அப்கிரேடில் முடிந்தது

சோலாரிஸ் 10 (யுனிக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் சர்வரை மணிக்கணக்கில் நிறுத்தாமல் பேட்ச் (திருத்தங்கள்) தொகுப்பைப் போட வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லைவ் அப்கிரேட் (ஓடும் சிஸ்டத்தின் நகலில் பேட்ச் போட்டு, பிறகு அந்த நகலுக்கு மாறும் முறை) யோசனைதான் கைகொடுத்தது.

முதலில் லைவ் அப்கிரேடுக்கே உரிய பேட்ச் (ஸ்பார்க் பிராசசர் சர்வர்களுக்கு அதன் எண் 121430). அப்புறம் லுகிரியேட் (lucreate), அதாவது நகல் சூழலை உருவாக்கும் கட்டளை. ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி) இசட்எஃப்எஸ் (ZFS) கோப்பு முறைமையில் இருந்ததால் நகல் சீக்கிரமே தயார். பேட்ச் எல்லாம் அதில்தான் ஏறின, சர்வர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்பாராதது ஒன்று. அடுத்த பூட்டுக்கு நகலைத் தேர்ந்தெடுக்கும் லுஆக்டிவேட் (luactivate) கொடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் ரீபூட் அடித்தேன். யுநேம் (uname) கட்டளை பழைய கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) எண்ணையே காட்டியது. ரீபூட், ஹால்ட் இரண்டுமே ஷட்டவுன் ஸ்கிரிப்டுகளை ஓட்டாது. சூழலை மாற்றும் வேலை அந்த ஸ்கிரிப்டில்தான் நடக்கிறது. மறுபடி லுஆக்டிவேட், இந்த முறை இனிட் 6 (init 6, அந்த ஸ்கிரிப்டுகளையும் ஓட்டி ரீபூட் செய்யும் கட்டளை). புதிய கர்னல் வந்துவிட்டது.

பழைய சூழலை இன்னும் அழிக்கவில்லை.