பயமும் ஆசையும் போனால் என் விசுவாசத்தில் மிச்சம் என்ன?

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முடிந்து பல வருடம் ஆகிறது. போன லெந்து காலத்திலிருந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஒரு கேள்வியில் சிக்கியிருக்கிறேன்: பழக்கம், நரக பயம், ஆசீர்வாத ஆசை இவற்றைக் கழித்துவிட்டால், நான் இயேசுவைப் பின்பற்ற வேறு காரணம் இருக்கிறதா? பைபிளில் யோபு 1:9-ல் "யோபு சும்மாவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று சாத்தான் கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

போதகரிடம் கேட்டேன். "ஜெபம் பண்ணுங்க தம்பி" என்றார். பண்ணினேன், கேள்வி போகவில்லை. கடவுள் இருந்தால் நம்பியவனுக்கு எல்லையற்ற லாபம், இல்லாவிட்டால் பெரிய நஷ்டமில்லை, அதனால் நம்புவதே மேல் என்று சொல்லும் தத்துவஞானி பாஸ்கலின் பந்தய வாதம் படித்தேன். அது லாபநஷ்டக் கணக்கு. நான் வெளியே வர நினைப்பதே அந்தக் கணக்கிலிருந்துதான்! அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15-ம் அதிகாரம் மட்டும் கொஞ்சம் பிடி கொடுத்தது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் விசுவாசம் வீண் என்று பவுலே துணிந்து சொல்கிறார். உயிர்த்தவரைக் கண்ட 500-க்கும் மேற்பட்டவர்களில் அநேகர் அப்போது உயிரோடிருந்ததாகவும் எழுதுகிறார். ஆனால் அதை உண்மையென்று ஒப்புக்கொள்வதும் அவர் பின்னால் நடப்பதும் ஒன்றல்லவே.

சபையை விடும் எண்ணம் இல்லை. வெறும் வசனம் மட்டும் அனுப்பாதீர்கள், ப்ளீஸ்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: பயமும் ஆசையும் விலகிய பிறகும் உங்களை அவரிடம் நிறுத்தி வைத்த காரணம் எது?